மூலக்கண்டிகைத் துறைமுகம்

ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஆந்திர ராஜ்யம் பிறந்த அன்று காலை பத்து மணிக்கு, நாகலாபுரத்தை அடுத்த மூலக்கண்டிகைக்கு, ஆரணி ஆற்றின் காய்ந்த மணல் வழியாக ஒரு பாய்மரப் படகு வந்து சேர்ந்தது. அப்போது ஆற்றில் ஒரு குடம் தண்ணீர்கூடக் கிடையாது. படகு தனக்கு வேண்டிய கடலைத் தானே கொண்டுவந்திருந்தது: முன்னால் நாலு முழம், பின்னால் நாலு முழம், அடியில் இரண்டு ஆள் ஆழம். கடந்து போன இடத்தில் மணல் உடனே உலர்ந்துகொண்டது. ஊத்துக்கோட்டையில் வண்டிக்காரர்கள் மாட்டை ஓரங்கட்டி வழி விட்டார்களாம். பெருமாளே மீனாக வந்து நிற்கிற நாகலாபுரம் பக்கத்தில் இருக்க, மீன் வந்த வழியில் படகு வரக்கூடாதா என்று கேட்டார் கிராம முன்சீப்பு நாராயணசாமி. கேட்டாரே தவிர, கும்பிட்ட கையை அவரும் கீழே இறக்கவில்லை. வெள்ளைப் பாய் பனைமரத்தைவிட உயரமாக நின்றது, அதன் அடியில் ஒரு துண்டு நீலம் மூச்சுவிட்டது.

படகில் இருந்தவர்கள் நார்வே தேசத்துக் கணவனும் மனைவியும். உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டவர்கள். அவர்களிடம் இருந்த நூற்று நாற்பது வருஷத்துக் கடல்படத்தில், மூலக்கண்டிகைக்கு நேராக நங்கூரக் குறி போட்டு, நல்ல துறைமுகம் என்று அச்சடித்திருந்தது. முன்சீப்பு அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நமக்குத்தான் தெரியாமல் போயிற்று என்றார். அதற்குள் அந்த அம்மாளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. சென்னம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

சென்னம்மாவுக்கு அப்போது நாற்பது வயது. சுற்றுவட்டாரத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு மேல் அவள் கையில்தான் பிறந்தன. அவளுக்கென்று ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் இடுப்பளவே இருந்த கடலில் இறங்கிப் படகில் ஏறியவள், உச்சிவேளைக்குள் ஒரு பெண்குழந்தையை எடுத்தாள். எடுத்த கையோடு அவளுக்கு அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. நஞ்சுக்கொடியைப் புதுச்சட்டியில் மஞ்சளோடு வைத்து, பிள்ளை பிறந்த வீட்டிலேயே புதைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். புதைத்த மண்ணை விட்டுப் பிள்ளை போகாது என்பார்கள். படகில் மண்ணுக்கு எங்கே போவது? சென்னம்மா சட்டியைக் கொண்டுபோய்த் தன் கொல்லையில் புதைத்தாள். தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. அது பாதிதான் நிஜம்.

பத்தாம் நாள் படகு புறப்படப் பார்த்தது. நங்கூரத்தைத் தூக்கினார்கள், பாயை விரித்தார்கள், காற்றும் நன்றாக அடித்தது. படகு மட்டும் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. அப்படியே வருஷம் போயிற்று. படகைச் சுற்றியிருந்த கடல் ஒரு ஏரி அளவுக்குப் பரந்து, வெண்டைத் தோட்டத்தில் நண்டு ஊரும்படி ஆயிற்று. துறைமுகம் யாருடையது என்று பார்க்க இரண்டு ராஜ்யத்து அதிகாரிகளும் வந்தார்கள். கால் நனைத்துப் பார்த்துவிட்டு, ஃபைலில் ஒன்றும் எழுதாமல் திரும்பிப் போனார்கள். குழந்தைக்குத் தாய் வைத்த பேர் யார் வாயிலும் நுழையவில்லை. சென்னம்மா மல்லிகா என்று கூப்பிட்டாள், அதுவே நின்றுவிட்டது. அலிபிரியிலிருந்து பெருமாள் மலைமேல் அவளைத் தோளில் சுமந்துபோய் முதல் மொட்டை போட்டதும் சென்னம்மாதான். மல்லிகா அவளைப் பெரீம்மா என்றாள். ராத்திரி படகில் தூங்கினாலும் பொழுது விடிந்தால் சென்னம்மா வீட்டில்தான் கூழ் குடித்தாள்.

தாயின் கண்கள்தான் வெளுத்துக்கொண்டு வந்தன. வந்தபோது நல்ல நீலம். வருஷத்துக்கு ஒரு சாயம் குறைந்தது, அதே அளவுக்குப் படகின் கீழே தண்ணீரும் வற்றியது. ஏழாம் வருஷம் அவள் கண் மணல் நிறமாகி, எதிரே வருகிறவர் யாரென்று தெரியாமல் போயிற்று. படகின் அடிப்பலகை தரை தட்டி முனகத் தொடங்கியது. தண்ணீர் அடியோடு வற்றினால் அவளும் இருக்கமாட்டாள் என்று சென்னம்மாவுக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அவளைத் திட்டுவது சுலபம். ஏழு வருஷம் ஒரு பிள்ளைக்குத் தலைவாரிவிட்டவர்கள் திட்டட்டும்.

எல்லைத் தகராறு தீர்ந்து ராஜ்யங்கள் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்ட அறுபதாம் வருஷம், மாசி மாதம், சர்வேயர் கோவர்த்தனன் எல்லைக்கல் நடுவதற்கு வந்தார். கோடு சென்னம்மா வீட்டுக்குள்ளேயே ஓடியது: அடுப்படி சென்னை ராஜ்யம், கொல்லை ஆந்திரா. கல் விழ வேண்டிய இடம், சட்டி புதைந்திருந்த அதே இடம். நட்ட கல்லை அப்புறம் யாரும் அசைக்க முடியாது. ஆட்கள் கடப்பாறையை ஓங்கியபோது சென்னம்மா குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"கொஞ்சம் நில்லுங்க சார். இங்க என் பொருள் ஒண்ணு கீது."

"இன்னா பொருள்மா? சீக்கிரம் எடு, இன்னும் பதினோரு கல்லு கீது."

அவள் மண்ணைக் கையால் தோண்டிக்கொண்டே சொன்னாள்: "என்னுது இல்ல சார். வேற ஒருத்தியோட்து. நான் வச்சிகினு கீறேன்."

சட்டி சூடாக இருந்தது. உள்ளே கொடி அன்றைக்கு அறுத்த மாதிரியே ஈரமாக, மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. கடப்பாறை வைத்திருந்தவர்கள் செருப்பைக் கழற்றி ஒதுங்கி நின்றார்கள். சென்னம்மா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணுக்கால் அளவே இருந்த கடலைத் தாண்டிப் படகில் ஏறி, தாயின் மடியில் வைத்தாள்.

"எனுக்குத் தெரியும் சென்னம்மா," என்றாள் அந்த அம்மாள், சென்னம்மாவிடம் கற்ற தமிழில். "எடுத்த கைதானே குடுக்கணும். அதான் கேக்கல."

அவள் கண்ணில் நீலம் ஏறியது, படகின் கீழே தண்ணீரும் ஏறியது. கட்டைகள் நெட்டி முறித்தன. பாய் தானாக விரிந்தது. பின்னாலேயே ஏறி வந்த மல்லிகா சென்னம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வா பெரீம்மா," என்றாள். "இங்க மூணு பேரு மாசமா கீறாங்க, கண்ணு. நான் வந்துட்டா யாரு பாப்பாங்க?" என்று பிடியை விடுவித்துவிட்டு இறங்கினாள். படகு கடலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிழக்கே போயிற்று. அன்று சென்னம்மா அழுத அழுகை இரண்டு ராஜ்யத்திலும் கேட்டது.

கல்லை அந்தக் குழியிலேயே நட்டார்கள். மறுநாள் அதன் அடியில் ஒரு கை அளவு உப்புத்தண்ணீர் நின்றது. காலையும் மாலையும் ஏறி இறங்கியது. தண்ணீர் தளும்பாமல் இருக்கிற நாளில் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று சென்னம்மா எடுத்துக்கொள்வாள். குழம்புக்கு உப்பு வாங்குவதையும் விட்டுவிட்டாள்.

பதினைந்து வருஷம் கழித்து, ஒரு பங்குனி மத்தியானம், அந்தத் தண்ணீர் பனிக்குடம் உடைந்தாற்போலப் பொங்கிக் கொல்லை முழுக்க ஓடியது. அறுபத்திரண்டு வயதுச் சென்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெந்நீர் போட்டாள். காய்ந்த ஆற்றின் வளைவில் வெள்ளைப் பாய் தெரிந்ததும், பிள்ளைகள் முன்சீப்பு வீட்டுக்கு ஓடினார்கள். கிழவர் எழுந்துகூட உட்காரவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குத்தானே வரும் என்றார். சென்னம்மா ஒரு புதுச்சட்டியை எடுத்தாள், இந்தத் தடவை அதில் பாதி அளவுக்குத் தன் கொல்லை மண்ணைப் போட்டுக்கொண்டு, படகில் வைப்பதற்காக ஆற்றில் இறங்கி நடந்தாள்.