தளபதியின் வாய்

1.

நல்ல தளபதி ஒருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

நான் நம்பவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ரொட்டித் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையின்போது எனக்கு இதை ஒருவர் சொன்னார். யாரென்று இப்போதே சொன்னால் குட்டு உடைந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள். என் சொந்த ஊரில் தளபதிகள் முதலில் எந்த நாட்டோடு சேரலாம், எந்த நாட்டோடு மோதலாம் என்று மந்திரிகளுக்கு யோசனை சொன்னார்கள். அப்புறம் மந்திரிகளின் பேச்சை எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் மந்திரிகளே தேவைப்படவில்லை. அதனால் கதைக்குள் ஒரு சீருடை நுழைந்தாலே நான் பேனாவை மூடிவிடுவேன்.

2.

முதல் தொடக்கம்: போர் முடிந்த அன்று வானம் இரத்தம்போல் சிவந்து

(வேண்டாம். வானம் எப்போதும் போலத்தான் இருந்ததாம். கேட்டுவிட்டேன்.)

இரண்டாவது: வெளியுறவு மந்திரி தமது சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி

(அது சுழலுமா, சுழலாதா என்று எனக்குத் தெரியாது.)

மூன்றாவது: டயர் கடைக்கு மேலே ஓர் அறை.

இது தெரியும். இப்படிப்பட்ட அறையில் நானும் இருந்திருக்கிறேன். கீழே ரப்பரைச் சூடாக்கினால் மேலே தலையணை நாறும். அந்த அறையில் நான்கு பேர். ஒருவர் மொழிபெயர்ப்பாளர். அவருடைய மனைவி, கணக்கு டீச்சராக இருந்தவள். அவர்களுடைய பெண். அவருடைய அக்கா. அக்காவை மனைவி அண்ணி என்பாள். அண்ணி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏ டீச்சர்" என்பாள். கோபம் வந்தால் மட்டும் "அம்மா தாயே".

நான்கு பேரும் சொந்த நாட்டை விட்டுத் தப்பி, பக்கத்து நாட்டில் இந்த அறைக்கு வந்தவர்கள். தங்கும் அனுமதி தீர்ந்துவிட்டது. போலீஸ் பிடித்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். அந்தப் பக்கம் இப்போது ஆள்கிறவர்கள், வெளிநாட்டுப் படைக்கு வேலை செய்தவர்களைத் துரோகி என்கிறார்கள். துரோகிகளை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுத ஆரம்பித்து ஒரு பக்கம்

(கிழித்துவிட்டேன். உங்களுக்கே தெரியும்.)

3.

இந்த மொழிபெயர்ப்பாளர்மேல் எனக்குச் சந்தேகம். கதையில் நிற்கக்கூடிய ஆளா இவர்?

வெளிநாட்டுப் படை அவர்கள் நாட்டில் சண்டை போட்ட காலம் முழுக்க, அந்தப் படைத் தளபதிக்கு அவர்தான் வாய். சிப்பாய்கள் அவரை அப்படியே கூப்பிட்டார்கள்: வாய். தொழில் விதி எளிது. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, தன் சங்கதியை நுழைக்கக்கூடாது. விதி உள்ளே ஊறி ஊறி, கடைசியில் அந்த மனிதருக்குத் தன் சங்கதி என்று ஒன்றைப் பேசவே வராமல் போய்விட்டது. தளபதிக்காகப் பக்கம் பக்கமாகப் பேசுவார். கடையில் மீதிச் சில்லறை கேட்கப் பெண்ணை அனுப்புவார்.

ஒருமுறை ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துத் தளபதி சொன்னார்: நாங்கள் போகும் நாள் வந்தால், எங்களோடு நின்றவர்களையும் கூட்டிக்கொண்டுதான் போவோம். பெரியவர்களுக்கு அவர் பாஷை புரியாது. அவர்கள் காதில் விழுந்தது வாயின் குரல். படை அவசரமாக மூட்டை கட்டிக்கொண்டு போனபிறகு அவர்கள் தளபதியைத் தேடவில்லை. இவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நீதானே சொன்னாய் என்றார்கள். நான் சொல்லவில்லை, அவர் சொன்னதைச் சொன்னேன் என்று விளக்க அவருக்கு வாய் வரவில்லை.

தளபதி தன் நாட்டில் படைத் தலைவராக உயர்ந்தார். அந்த நாட்டு அரசோ, இவர்கள் நாட்டில் புதிதாக ஆள்கிறவர்களோடு சமாதானமாகி, ஒரு துறைமுக ஒப்பந்தம் போடப் பார்த்தது. துரோகிகளை விமானத்தில் ஏற்றினால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே வெளியுறவு அலுவலகம் வாக்கைத் தூக்கிப் பரணில் போட்டது.

4.

தளபதி அவ்வப்போது போன் செய்வார். எல்லாரும் நலமா என்பார். வாய் நலம் என்பார். போன் வைக்கப்படும். டீச்சர் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள்.

பக்கத்து அறைக் குடும்பத்தை, அந்த ஆளும் ஒரு மொழிபெயர்ப்பாளர்தான், போலீஸ் ஏற்றிக்கொண்டு போனதற்கு அடுத்த நாள் மத்தியானம் மறுபடி போன் அடித்தது.

"என்ன கேக்கறார்?" என்றாள் டீச்சர்.

"நல்லா இருக்கோமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். அண்ணி கட்டிலில் இருந்தபடியே, "நல்லா இருக்கோம்னுதான் சொல்லியிருப்பான். சின்ன வயசுல பல்வலின்னுகூடச் சொல்ல மாட்டான். கன்னம் வீங்கினப்புறம் நாமளாக் கண்டுபிடிக்கணும்" என்றாள்.

(இந்த இடத்தில் டீச்சர் போனைப் பிடுங்கி எறிந்ததாக முதலில் எழுதினேன். எறியவில்லையாம். போன் என்ன விலை தெரியுமா என்று எனக்குத் திட்டு விழுந்தது.)

அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "உங்களுக்காக நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். இப்ப நீங்க வேலையில இருக்கீங்க. நான் பேசறேன், மாத்திச் சொல்லுங்க. கூட்டாம, குறைக்காம."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எத்தனையோ மாதங்களாகக் கூனிக் கிடந்த முதுகு அது.

"இனிமே நல்லா இருக்கீங்களான்னு கேக்காதீங்க, தளபதி. பக்கத்து ரூம்காரங்களை நேத்து பிடிச்சுட்டுப் போய்ட்டாங்க. அடுத்தது நாங்க."

மாற்றிச் சொன்னார்.

"கூட்டிட்டுப் போவேன்னு சொன்னது நீங்க. ஊர்க்காரங்க கேட்டது இவர் குரலை. நீங்க சொன்ன பொய்க்கு இவர் பதில் சொல்லிட்டுத் திரியறார்."

சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் தடுக்கினார். அவளுக்கு அந்த பாஷை தெரியாது. ஆனால் கணக்கு டீச்சர். ஒரு சொல் குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பொய்ங்கிற சொல்லைச் சொன்னீங்களா?"

"அது கொஞ்சம் மரியாதைக்குறைவா..."

"சொல்லுங்க."

சொன்னார். மறுமுனை பேசியது. வாய் பழக்கப்படி அதை மாற்றினார்: "வெளியுறவு என் வேலை இல்லை. அது மந்திரி வேலை. நான் உத்தரவு வாங்கறவன்."

அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆனா விமானம் என் வேலை. எத்தனை பேர்?"

டீச்சர் நான்கு என்று சொல்லவில்லை. இந்தத் தெருவில் எங்களைப் போல இருக்கிற எல்லாரும் என்றாள். அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

5.

இனி மந்திரியின் அறை. நான் பார்த்ததில்லை. தளபதி பிற்பாடு வாயிடம் சொன்னது துண்டு துண்டாக வந்தது, மீதி என் கற்பனை. ஒப்பந்தம் போட மந்திரி கிளம்ப வேண்டும். படை விமானம் வேண்டும். தளபதியைக் கூப்பிட்டார்.

தளபதி மேஜையைக் குத்தி

(இது என் ஊர்த் தளபதி. அடித்துவிட்டேன்.)

தளபதி கண்ணீர் மல்க

(இது சினிமாத் தளபதி. அவரையும்தான்.)

இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். விமானம் தயார் என்றார் தளபதி. திரும்பும்போது பக்கத்து நாட்டில் எண்ணெய் போட இறங்கும், இருக்கைகள் பாதிக்கு மேல் காலி, அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். காலியாகவே வரட்டும் என்றார் மந்திரி.

"உத்தரவுன்னா வரும், சார். எழுத்துல குடுத்துடுங்க. யாரை விட்டுட்டு வந்தோம், யார் விடச் சொன்னாங்கன்னு நாளைக்கு என் சிப்பாய்ங்க கேட்டா நான் காட்டணும்."

வாயால் சொல்ல மந்திரிக்குச் சிரமமில்லை. கையெழுத்துப் போட மனம் வரவில்லை. சரி, ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

இந்தப் பகுதியை எழுதி எழுதிப் பார்த்தேன். இது பணிவா, மிரட்டலா? எழுத்தில் கேட்பது ஒழுங்கான காரியம்தான். ஆனால் இதே வாக்கியத்தை இன்னொரு நாள் இன்னொரு தளபதி ஒரு போருக்காகச் சொல்லலாமே? குழம்பிப்போய், கதை சொன்னவரிடமே கேட்டேன். அவர் மாவு ஒட்டிய கையைத் துடைத்தபடி, "எனக்கென்ன தெரியும் தம்பி? எனக்கு சீட்டு கெடைச்சுது" என்றார்.

ஆமாம், டீச்சர்தான். குட்டு உடைந்துவிட்டது. நீங்களும் மூச்சு விடுங்கள். இப்போது தளபதியின் நாட்டில், ரொட்டித் தொழிற்சாலையில் அவர் என் மேஜைக்கு அடுத்த மேஜை. வாய் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவல் வேலை பார்க்கிறார், பிள்ளைகளை அதட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். எனக்கும் இதை எழுதும்போது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. யாரோ ஒருவருக்குக் கொடுத்த வாக்கு எங்கோ ஓரிடத்தில் காப்பாற்றப்பட்டது.

6.

முடிவு என்னிடம் இல்லை. தளபதியைச் சீக்கிரமே ஓய்வில் அனுப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இல்லை, ருசி கண்டு அடுத்தடுத்து எல்லாவற்றுக்கும் எழுத்தில் கேட்க ஆரம்பித்து, ஒருநாள் மந்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்றும் வைத்துக்கொள்ளலாம். எது நியாயமென்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் டீச்சரிடம் படித்துக் காட்டினேன்.

"நீ பயப்படறது சரிதான் தம்பி," என்றார். "நானும் பயப்படறேன். ஆனா இங்க உக்காந்து பயப்படறேன்."

நடந்ததை மட்டும் எழுதி நிறுத்துகிறேன். ஒரு சாயங்காலம் தளபதி அனுப்பிய ஓர் ஆள் வந்து தெரு முழுக்கத் தகவல் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலை எல்லாரும் விமானத்தில் ஏறினார்கள். அண்ணிக்கு பெல்ட் மாட்டத் தெரியவில்லை, முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஒரு சிப்பாய் குனிந்து அதை அவிழ்த்து, சரியாக மாட்டிவிட்டான்.