ஏழாம் பாடத்தில் ஒரு பால்மரம்

போன மாதம், கைலியும் பனியனுமாக மலேசியாவில், குனோங் ராபாட்டில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே, ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவக் கற்றுக்கொடுத்தேன். நானூறு பேராசிரியர்களும் எழுந்து நின்று கேட்டார்கள்.

சரி, நானூறு இல்லை. ஒருவர்தான். அவரும் எழுந்து நின்றாரா என்று தெரியாது. மற்றதெல்லாம் சத்தியம்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவி எல்ஸி. நான் லாரி ஓட்டுவதை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும், என் பேச்சைத் தாங்க முடியாமல் டேப்லட்டைக் கையில் திணித்தாள்.

"இந்தாங்க, யூனிவர்சிட்டி பாடமெல்லாம் சும்மாவே கொடுக்கிறான். ஃபீஸ் இல்ல, பரீட்சை இல்ல. அவன் பேசட்டும், நீங்க கேளுங்க."

தாவரவியலைப் பிடித்துக்கொண்டேன். என் ஆங்கிலத்துக்குப் பாதிதான் புரியும். வீடியோவை நிறுத்துவேன், பின்னால் தள்ளுவேன், மறுபடி கேட்பேன். ஒரே வரியை எனக்காகப் பதினாறு முறை கோபப்படாமல் சொன்ன வாத்தியார் அவர் ஒருவர்தான்.

ஏழாம் பாடத்தில் பால்மரம் வந்தது. வீடியோவுக்குக் கீழே போட்டிருந்த படத்தில் வெட்டுக்கோடு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் சரிந்திருந்தது. பீடோர் பக்கத் தோட்டத்தில் பதினோரு வருஷம் உளி பிடித்த என் கை துடித்துவிட்டது. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன. அப்படிச் சீவினால்தான் நிறையக் குழாய் அறுபடும். அந்தப் படத்தில் இருப்பதுபோல் நான் சீவியிருந்தால், எங்கள் கங்காணி பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை என் தலையிலேயே கவிழ்த்திருப்பார்.

அந்த வாத்தியாருக்கு மூன்று பக்கக் கடிதம் சொன்னேன். எல்ஸி நான்கு வரி தட்டி அனுப்பினாள்.

கோப்பிக்கடையில் இதைச் சொன்னேன். என் சிநேகிதன் சதாசிவம் சிரித்த சிரிப்பில் ஈயெல்லாம் பறந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன். காகிதத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டான்.

"லூமுட்டுல நீ பிடிச்ச மீனு பங்கோர் ஃபெரியை இழுத்துட்டுப் போச்சுன்னியே, அந்த மாதிரிதானே?"

"பாதி தூரந்தான்லா இழுத்துச்சு."

"போதும் டொமினிக் மச்சான். ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தப் படம் மாறணும். மாறலேன்னா இந்த மேசையில நீ கோப்பி குடிக்கலாம், கதை சொல்லக்கூடாது. சாகுற வரைக்கும். சரியா?"

மாத்திரை போடாமல் என் உடம்பில் வேலை செய்யும் ஒரே உறுப்பு நாக்குதான். அதைப் போய்ப் பணயம் வைப்பார்களா? ரோஷத்தில் வைத்துவிட்டேன்.

அன்றே சதாசிவம் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஃபைலில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை வரை படம் மாறவில்லை. ஞாயிறு பூசையில் எல்லோரும் உலக அமைதிக்காக ஜெபித்தார்கள். நான் ஒரு பால்மரத்துக்காக. பிறகு கடைக்குப் போய் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பல்வலியா என்று கடைக்காரர் கேட்டார். சதாசிவம் வேண்டுமென்றே, நான் லாரியில் யானை ஏற்றிய கதையை எடுத்துவிட்டான். யானையை ஆடாக்கிச் சொன்னான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

"முடிச்சிருவோமா?" என்று ஃபைலைத் திறந்தான். தன் ஃபோனிலேயே ஏழாம் பாடத்தைத் தேடினான். ஃபோனைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஃபோனைப் பார்த்தான். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கியிருந்தது. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: பிழையைக் காட்டிய மலேசியா, பேராக், டொமினிக் அவர்களுக்கு நன்றி.

"வேற டொமினிக்கா இருக்கும்," என்றான், குரல் இறங்கி.

காகிதத்தில் அவன் போட்ட தேதியையும் கையெழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். அந்தக் கையெழுத்துக்குக் கீழேயே ஒரு வரி எழுதி என் பக்கம் தள்ளினான்.

"படிச்சுக்கோலா. நடந்துச்சு. நெசமாவே நடந்துச்சு."