முப்பது நாள் வாளி

விக்னேஸ்வரி வீட்டுக்கு யார் உயிருள்ள பவளத் துண்டு கொண்டுவந்தாலும் அது நேரே கண்ணாடித் தொட்டிக்குள் போய்விட முடியாது. முதலில் முப்பது நாள் பின்கட்டில் உப்புத்தண்ணீர் வாளியில் கிடக்க வேண்டும். வாளியின்மேல் கொடுத்தவர் பேரையும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுவாள். சிங்கப்பூரிலிருந்து வந்ததானாலும் சரி, அவள் பிறந்தநாளுக்கு என்று கணவர் பிரேம்நாத் ஆசையாய் வாங்கிவந்ததானாலும் சரி, முப்பது நாள். பாவம், "பிரேம்நாத், மார்ச் 3" என்று தன் பேரை வாளியில் பார்த்துப் பார்த்து மனுஷர் ஒரு மாதம் பல் துலக்கினார்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பலன் இருந்தது. ஈப்போ வட்டாரத்தில் வீட்டில் கடல் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வாட்சப் குழு உண்டு, நாற்பது பேர். அவர்கள் ஒருவருக்கொருவர் பவளத்தை ஒடித்துக் கொடுத்து வளர்ப்பார்கள். பவளத்தோடு வேண்டாத பூச்சியும் வந்து சேரும் என்பதுதான் எல்லாருக்கும் பயம். ஆனால் குனோங் ராபாட்டில் உள்ள விக்னேஸ்வரி வீட்டுத் துண்டென்றால் பயமே கிடையாது. "விக்கி அக்கா தொட்டியா? கண்ண மூடிட்டு எடுக்கலாம் லா" என்பார்கள். ஏழு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சம்பாதித்த பேர் அது. அவளுக்கு அந்தத் தொட்டியைவிட அந்தப் பேர் பெரிது.

வாளியில்லாமல் உள்ளே போக உரிமை பெற்றவள் உலகத்தில் ஒருத்திதான். துளசி.

துளசியும் அவளும் பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒட்டின வீடுகளில் பிறந்தவர்கள். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு அங்கே தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டினபோது துளசி அதிலேயே ஒரு வீடு வாங்கிக்கொண்டாள். விக்கி தொட்டி வைத்ததைப் பார்த்துத் தானும் வைத்தாள். குழுவில் பெண்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஏப்ரலில் விக்கிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், லாடம் மாதிரி வளைந்த ஒரு பாறையைத் துளசி கொண்டுவந்தாள். அதன்மேல் மூன்று தலையோடு ஒரு ஹேமர் பவளம், சுத்தியல் மாதிரி பச்சை நுனியெல்லாம் ஆடிக்கொண்டு.

"படுத்துக்கிட்டே பாரு. சீக்கிரம் தேறிடுவ."

விக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேம்நாத் வாளியை எடுக்கப் போனார்.

"துளசி குடுத்ததுக்கு வாளியா? பேசாம உள்ள வைங்க" என்று படுக்கையிலிருந்தே அதட்டினாள்.

அடுத்த வாரம், பத்து காஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற நிஹால் வந்து ஒரு துண்டு கேட்டான். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அவனும் ஒரு தொட்டி வைத்திருந்தான். விக்கி தொட்டியிலிருந்து ஒன்றை ஒடித்துக் கொடுத்தாள். அவன் படம் எடுத்துக் குழுவில் போட்டு நன்றி சொன்னான். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை செய்த உடம்பு, ஓய்வெடுக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள், எவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், லாடப் பாறையின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒன்று தலை நீட்டியது. கண்ணாடி மாதிரி மெல்லிய காம்பு, உச்சியில் நீள நீள விரல்கள். குச்சியால் தொட்டதும் சரக்கென்று ஓட்டைக்குள் போய்விட்டது. படம் எடுத்துத் துளசிக்கு அனுப்பினாள்.

"அது குழாய்ப் புழுடி. நல்லதுதான், விடு" என்று பதில் வந்தது.

விட்டாள். துளசி சொன்னால் சரிதானே! குழாய்ப் புழுவுக்கு விசிறி மாதிரி இறகு இருக்கும், இதற்கு இருப்பது விரல் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் விட்டாள். மே நடுவில் பார்த்தால் பதினைந்து. பதறிப்போய்ப் பழைய பல் துலக்கியால் ஒன்றைத் தேய்த்து எடுத்தாள். அடியம்மா, அதுதான் செய்யக்கூடாத காரியம்! பிய்ந்த ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டியானது. பத்து நாளில் பாறைக்குப் பாறை முளைத்து, பக்கத்துப் பவளங்களைக் கொட்டிக் கொட்டிச் சுருங்க வைத்தன. ஏழு வருஷம் வளர்த்த ஊதாப் பவளம் பாதி வெளுத்துவிட்டது.

அப்போதுதான் துளசி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஐயோ, இது ஐப்டேசியா போல இருக்கேடி. பூச்சி அனிமோன், களை மாதிரி பரவிரும். நான் இருக்கேன்ல, சேந்து ஒழிப்போம்."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். மளிகைக் கடையில் விற்கிற வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து ஊசிக்குழலில் ஏற்றுவாள். விக்கி பம்பை நிறுத்துவாள். தண்ணீர் அசையாமல் நின்றதும், பூச்சி வாயைத் திறந்திருக்கும்போது மெதுவாய் வாய்மேலேயே சுண்ணாம்பை வைக்க வேண்டும். ஒரே நாளில் நிறைய வைத்தால் மீனுக்கு ஆகாது, ஆறேழு போதும். தோளோடு தோள் இடிக்க இரண்டு பேரும் ஐந்து ஞாயிறு இப்படி உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள் என்று விக்கி பிரேம்நாத்திடம் வாய் ஓயாமல் சொன்னாள்.

ஆறாவது ஞாயிறு, துளசி வருமுன், ஒரு மூலையில் முளைத்திருந்தது ஐப்டேசியாவா, அல்லது உருண்டை நுனியோடு வருகிற இன்னொரு ஜாதியா என்று விக்கிக்குச் சந்தேகம் வந்தது. கைப்பேசியில் படத்தைக் கொடுத்துத் தேடினாள். ஒரே மாதிரி நூறு படம் வந்தது. தள்ளிக்கொண்டே போனவள் ஒன்றில் நின்றாள்.

லாடம் மாதிரி ஒரு பாறை. மூன்று தலை ஹேமர். அடியில் நான்கு பழுப்பு அனிமோன். தொட்டிக்குப் பின்னால் சமையலறைச் சுவரில் பச்சை ஓடு. கடையில் நின்று அந்த ஓடுகளைத் துளசிக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே விக்கிதான்.

வெளிநாட்டுக்காரர்கள் நடத்துகிற ஒரு கேள்வி பதில் பக்கம் அது. கேட்டவள் பேர் வேறு ஏதோ. தேதி பிப்ரவரி. 'இது என்ன, எப்படி ஒழிப்பது?' என்று கேட்டிருந்தாள். 'ஐப்டேசியா. பாறையோடு வெயிலில் காயப்போடு, தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதே' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு அவள் பதில்: 'பவளத்தைக் கொல்ல மனசு வரவில்லை. இந்தப் பாறையை மட்டும் வெளியே அனுப்பிவிடுகிறேன்.'

வெளியே அனுப்புகிறாளாம்! வயிற்றில் தையல் காயாமல் படுத்திருந்தவள் வீடுதான் அவளுக்கு வெளியே.

விக்கி அந்தப் பக்கத்தை மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. ஐந்து ஞாயிறும் தன் தோளில் இடித்த அந்தத் தோளை நினைத்து உடம்பு கூசியது.

துளசி கடையில் கறிப்பாப் பலகாரம் தாப்பாவ் பண்ணி, பொட்டலமும் கையுமாகச் சிரித்தபடி வந்தாள். "பம்ப ஆஃப் பண்ணிட்டியா? சுண்ணாம்பு கலக்கட்டா?"

விக்கி கைப்பேசியை நீட்டினாள். துளசி பார்த்தாள்.

"இது... வேற யாரோடதாச்சும் இருக்கும் லா."

"அந்த ஓடு யாரோடது?"

துளசி நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னால அதக் கொல்ல முடியலடி. உன் தொட்டி பெருசு. நீ இறால் வெச்சிருக்க, அது பூச்சியத் தின்னுரும்னு நெனச்சேன்."

"சொல்லியிருந்தா வாளியில வெச்சிருப்பேன்ல? நானே சுத்தம் பண்ணி வளத்துக் குடுத்திருப்பேன்ல?"

"சொல்ல வாய் வரல. எல்லாரும் உன் தொட்டியத்தான் கொண்டாடுறாங்க. எனக்குப் பூச்சி வந்துருச்சின்னா என்னை யாரு மதிப்பாங்க?"

"அதுக்கு? குழாய்ப் புழுன்னு வாய் கூசாம சொன்னியே துளசி! உன்னை நம்பித்தானே விட்டேன்."

துளசி அழ ஆரம்பித்தாள். "தப்புதான். அதான் வாராவாரம் வந்து ஊசி போடுறேன்ல? உன் பேரையாச்சும் நான் கெடுத்தேனா? உன் வீட்ல பூச்சின்னு யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா? கேட்டுப் பாரு."

"போ துளசி. இன்னிக்குப் போ."

அவள் போனாள். கறிப்பாப் பொட்டலம் மேசையில் சூடாக இருந்தது. வெட்கத்தைக் கேளுங்கள், விக்கி மனசு அதற்குள் கொஞ்சம் இளகத் தொடங்கிவிட்டது. கோழை, பொறாமைக்காரி, சரி. ஆனால் வெளியே வாயைத் திறக்கவில்லையே. அந்த மட்டும் சிநேகிதியாக இருந்தாளே.

பேர் என்றதும் நிஹால் ஞாபகம் வந்தது. ஐயோ, அவனுக்குக் கொடுத்த துண்டு! தான் மறைத்தால் தனக்கும் துளசிக்கும் என்ன வித்தியாசம் என்று உடனே அவனை அழைத்தாள். "நிஹால், நான் குடுத்த துண்டுல பூச்சி இருந்திருக்கும்பா. என் தொட்டி பூராம் ஐப்டேசியா. முன்னயே சொல்லியிருக்கணும், மன்னிச்சிரு."

கடையில் பீங்கான் தட்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவே நிஹால் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"தெரியும்க்கா. படம் போட்ட மறுநாளே துளசிக்கா எல்லாருக்கும் தனித்தனியா மெசேஜ் போட்டாங்க. விக்கி வீட்ல பூச்சி இருக்கு, யாரும் எதுவும் வாங்காதீங்க, ஆஸ்பத்திரில இருந்து வந்த உடம்பு, அவகிட்ட கேட்டு மனசு நோகடிக்காதீங்கன்னு."

மறுநாளே. அவள் தொட்டியில் முதல் பூச்சி தலை நீட்டுவதற்கு ஒரு வாரத்துக்கும் முன்னால்.

"உன் தொட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" குரல் அவளுக்கே அந்நியமாய்க் கேட்டது.

"இல்லக்கா. வாளியிலதான் வெச்சிருந்தேன். உங்க ரூல்தானே, முப்பது நாள். ரெண்டு மொளச்சிச்சு, வெயில்ல காயப் போட்டுட்டேன். உங்ககிட்ட சொல்ல எனக்குச் சங்கடமா இருந்துச்சிக்கா."

அவள் போனை வைத்தாள். குழுவில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பிரேம்நாத் பின்கட்டிலிருந்து ஒரு வாளியைக் கொண்டுவந்து உப்புத்தண்ணீரை ஊற்றி வைத்தார். விக்கி கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு லாடப் பாறையை எடுத்தாள். ஹேமர் இப்போது ஐந்து தலை ஆகியிருந்தது. தொட்டியிலேயே நன்றாக வளர்ந்தது அதுதான்.

அதை வாளியில் இறக்கிவிட்டு, காகிதத்தில் 'துளசி' என்று எழுதினாள். தேதி எழுதும்போது பேனா நின்றது. பிறகு இன்றைய தேதியை விட்டுவிட்டு, ஏப்ரலில் அவள் இந்தப் பாறையோடு வாசலில் வந்து நின்ற நாளை எழுதி, அழுத்தி ஒட்டினாள்.

"முப்பது நாள் எப்பவோ முடிஞ்சிருச்சே" என்றார் பிரேம்நாத்.

"ஆமா" என்றாள் விக்கி. பாறையைக் காயப்போட, வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனாள்.