உள்பக்கத் தாழ்ப்பாள்

மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் அவர் ஏலம் விடுகிறவர். மைக்கே தேவைப்படாத தொண்டை என்பதால் அங்கே எல்லாரும் அவரை மைக் என்றே கூப்பிட்டார்கள். தக்காளி லாரி வந்து நின்றதும் ஒரு பெட்டியின் மேல் ஏறி அவர் குரல் எடுத்தால், வேண்டாம் என்று வந்த வியாபாரிகூட இரண்டு கூடை எடுத்துக்கொண்டுதான் போவான். "யோசிக்கிறவர் யோசிங்க, வீட்ல இன்னைக்கு மாமியார் சமையலாம்" என்பார். சிரிப்போடு சிரிப்பாக விலை ஏறிவிடும்.

வீட்டிலும் அதே வாய்தான். அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க "இது தெளிவா தெரியுதா, இதுவா?" என்று கேட்டுக் களைத்து வருகிறவள் முன்னால் போய் நின்று, "என்னைப் பாரும்மா, இப்ப அழகா தெரியுறேனா, தள்ளி நிக்கட்டுமா?" என்பார். ஒரே மகள், பத்தாம் வகுப்பு. "அப்பா, கொஞ்சம் வால்யூம் கம்மி பண்ணுங்க" என்று அவள் சொல்லாத நாளில்லை.

விடியும் முன்பே சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போவது அவர் வழக்கம். மழை அப்போதுதான் விட்டிருந்த ஒரு காலை, பின்னால் வந்த கார் அவரைத் தாண்டிய கையோடு அவருக்குக் குறுக்கே பெட்ரோல் பங்குக்குள் திரும்பியது. பிரேக் பிடிக்க நேரமில்லை. சைக்கிள் காரின் கதவில் போய் மோத, அவர் தலை நடைபாதை ஓரக் கல்லில் அடித்தது.

காரை ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். அவர் ஓடிப்போகவில்லை, ஆம்புலன்சுக்குப் போன் செய்ததே அவர்தான். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டபோது, சைக்கிளில் லைட் இல்லை, ஆள் எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். லைட் இருந்தது. அதன் உடைசலை பங்க் ஆட்கள் கார்க் கண்ணாடியோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டிருந்தார்கள்.

உயிர் பிழைத்தார். தையல் ஆறியது, தோள் எலும்பு கூடியது. பார்க்க வந்தவர்கள், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார்கள். தலைக்கு வந்தது தலைக்குள்ளேயே தங்கிவிட்டது என்பது மனைவிக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

முதலில் சத்தம் ஆகாமல் போனது. மறுபடி மார்க்கெட்டுக்குப் போன முதல் நாள், பெட்டியின் மேல் ஏறி நின்றவர், சுற்றி எழுந்த கூச்சலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. பேச்சும் மெலிந்தது. சொல்ல வந்த சொல் கிடைக்காமல் பாதியில் நிறுத்தி, "விடு" என்பார்.

அதைவிடப் பெரிது இன்னொன்று இருந்தது. எப்போதாவது அவர் பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்கும். அடுத்த நிமிடம் அவர் அவராக இருக்க மாட்டார். கையில் கிடைத்தது பறக்கும். பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். எழுந்து, "டீ இருக்கா?" என்று கேட்பார். எதுவும் நினைவில் இருக்காது. அதுவும் ஒருவகை வலிப்புதான், மாத்திரையில் குறையும், முழுக்கப் போகாது என்றார் மூளை டாக்டர். உடைந்த தட்டுகளுக்கு மனைவி, "கை தவறிடுச்சு" என்றாள். தெரியாதது தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

ஒரு சாயங்காலம் அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. மகள் போனில் யாரிடமோ பேசிச் சிரித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்த அவர், அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் எலும்பு விட்டுப்போயிருந்தது.

மறுநாள் காலை மாவுக்கட்டைப் பார்த்து அவர் பதறிப்போனார். "என்ன பாப்பா இது?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மகளே சொன்னாள்: "மாடிப்படியில வழுக்கிட்டேம்ப்பா."

"போனைப் பார்த்துக்கிட்டே இறங்கினா? படி என்ன உனக்காக வளைஞ்சு குடுக்குமா?" வெகு நாளைக்குப் பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். பேனாவை எடுத்து மாவுக்கட்டில் 'படியைப் பார்' என்று எழுதினார். அதோடு விடவில்லை. கடைக்குப் போய் ரப்பர் பட்டைகள் வாங்கி வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு படியிலும் ஒட்டினார். "இனிமே வழுக்காது" என்றார். மகள் மேலே சிரித்த முகத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாளில் அவள் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். டியூஷன் அங்கிருந்து பக்கம் என்று அவருக்குச் சொன்னார்கள்.

அந்தத் தாய்மாமன்தான், அதாவது மனைவியின் தம்பி, நஷ்ட ஈடு வழக்குப் போடச் சொல்லி ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனான். சம்பளம் நின்றுவிட்டது, மருந்து நிற்கவில்லை. வேறு வழியும் இல்லை. வழக்கு ஆமை வேகத்தில் நகர்ந்து ஒரு கட்டத்துக்கு வந்தபோது, இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குத் தெரியாமல் எடுத்த ஒரு வீடியோவைக் கொண்டுவந்தது. பூங்கா பெஞ்சில் அவர் உட்கார்ந்து யாரோ ஒரு குழந்தைக்குப் பந்தை எடுத்துப் போடுகிறார், சிரிக்கிறார். கடையில் சரியாகச் சில்லறை வாங்குகிறார். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்பது அவர்கள் வாதம்.

வக்கீலம்மா வீடியோவை நிறுத்திவிட்டு மனைவியிடம் கேட்டாள். "வெளியில இப்படி இருக்கார். வீட்டுக்குள்ள எப்படி இருக்கார்? எங்கிட்ட எதையோ சொல்லாம வச்சிருக்கீங்கம்மா."

மனைவி சொன்னாள். சொல்லி முடித்ததும், "இது மட்டும் வேண்டாங்க. அவருக்கே தெரியாது" என்றாள்.

"டாக்டர் ரிப்போர்ட்ல வலிப்புன்னு ஒரு வரி இருக்கு. அந்த ஒரு வரியை வச்சு ஜட்ஜுக்கு என்ன புரியும்? கூட இருக்கிறவங்க சொன்னாத்தான் புரியும். நீங்க சொல்லலைன்னா, கேஸ் அந்தப் பந்தோட போயிடும்."

அவள் இரண்டு வாரம் யோசித்தாள். மகளைக் கேட்டாள். "சொல்லும்மா. ஆனா அப்பா இருக்கும்போது சொல்லாத" என்றாள் மகள்.

விசாரணை அன்று அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சாட்சி சொல்வேன் என்று அவள் கேட்க, நீதிபதி ஒத்துக்கொண்டார். தம்பி, "வாங்க அத்தான், டீ குடிச்சிட்டு வரலாம்" என்று அவரைக் கீழே கேன்டீனுக்கு அழைத்துப்போனான். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, ஷேவ் செய்துகொண்டு வந்திருந்தார். போகும்போது மனைவியைப் பார்த்து, "பயப்படாம பேசு" என்றார்.

அவள் பேசினாள். பறந்த தட்டுகள், உடைந்த ஜன்னல், சிரித்ததற்காக முறுக்கப்பட்ட கை. மகள் எங்கே இருக்கிறாள், ஏன் இருக்கிறாள் என்பதையும் சொன்னாள். எதிரில் இருந்த பல் டாக்டர் குனிந்த தலை நிமிரவில்லை.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "மாடிப்படியில விழுந்ததா ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கீங்க. இப்ப கதை மாறுதே?"

"அன்னைக்குச் சொன்னதுதாங்க பொய்."

"அப்போ பணத்துக்காக இன்னைக்கு உண்மை சொல்றீங்க?"

"ஆமாங்க, பணத்துக்காகத்தான் சொல்றேன். பணம் தேவைப்படலைன்னா சாகிற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

கம்பெனி வக்கீல் உட்கார்ந்தார். வக்கீலம்மாவின் பார்வை தன்னைத் தாண்டி எங்கோ போவதைக் கவனித்து, மனைவி திரும்பினாள். வாசலருகே கணவர் நின்றிருந்தார். கேன்டீனில் தட்டும் டம்ளரும் உருண்ட சத்தம் தாங்காமல் எழுந்து வந்துவிட்டார். பின்னாலேயே ஓடி வந்த தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அவர் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

"அப்போ மாடிப்படி இல்லையா?" என்றார்.

மார்க்கெட்டையே கட்டிப்போட்ட தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னதாக ஒரு குரல் வந்தது. ஆனாலும் அங்கிருந்த எல்லாருக்கும் கேட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் கேட்டார்: "எத்தனை தடவை?"

"அந்த ஒரு தடவைதாங்க."

"உனக்குப் பொய் சொல்ல வராதும்மா. பாப்பாதான் நல்லா சொல்றா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார், வேறு யாருடைய நோயையோ விசாரிக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்தபின் மாடிக்குப் போகவில்லை. ஹாலில் சோபாவிலேயே படுத்தார், அடுத்த நாளும் அப்படித்தான். மச்சினனுக்குப் போன் போட்டு, "பாப்பா அங்கேயே இருக்கட்டும். அவளா வரேன்னாலும் விடாதீங்க" என்றார்.

யாரும் விடவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்துவிட்டாள். அவர் சோபாவின் ஒரு மூலைக்கு ஒதுங்கிக்கொண்டார்.

"தள்ளியே உட்காரு பாப்பா."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர், "கையைக் காட்டு" என்றார். தொடாமல், குனிந்து பார்த்தார். மணிக்கட்டில் ஒரு மேடு மட்டும் மிச்சமிருந்தது.

"வலிக்குதா?"

"குளிர் காலத்துல லேசா."

"நான் உன்னைத் திட்டினேனே. படி வளைஞ்சு குடுக்குமான்னு கேட்டேனே."

"திட்டினது நல்லா இருந்துச்சுப்பா" என்றாள் அவள். "அன்னைக்கு நீங்க பழைய மாதிரி பேசினீங்க. அதனாலதான் சிரிச்சுட்டு நின்னேன்."

அவர் அழுதார். அடிபட்ட பிறகு அவர் அழுது மனைவி பார்த்ததில்லை. மகள் அவர் முதுகில் கை வைத்தாள். அவர் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு மழைக்காலம் முடியும் தறுவாயில் வந்தது. அதற்கு முன் ஒரு விசாரணையில் பல் டாக்டர், லைட்டைப் பற்றித் தனக்கு உறுதியாக நினைவில்லை என்று சொல்லியிருந்தார். வேறெதுவும் சொல்லவில்லை. கேட்டது முழுதாக வரவில்லை, ஆனாலும் மருந்துக்கும் மகள் படிப்புக்கும் கவலைப்படத் தேவையில்லாத அளவுக்கு வந்தது. தம்பி இனிப்பு வாங்கி வந்தான். டப்பா சாப்பாட்டு மேஜை மேல் பிரிக்கப்படாமல் இருந்தது. இழந்ததற்கு ஈடாகத் தந்த பணத்தை வைத்து யார் கொண்டாடுவது?

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து மகள் வீட்டுக்கே வருகிறேன் என்றபோது அவர் மாட்டேன் என்றார். அம்மாவும் மகளும் சேர்ந்து சொல்லியும் பிடி கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ஹார்டுவேர் கடைக்குப் போய், கட்டைவிரல் பருமனில் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தார். கோர்ட்டிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக மாடி ஏறினார். மகளின் அறைக் கதவில், உள்பக்கம், தாழ்ப்பாளை வைத்துப் பென்சிலால் குறித்தார். அடிபட்ட தோள் ஒத்துழைக்கவில்லை, ஸ்க்ரூ இரண்டு முறை கோணிக்கொண்டது. மனைவி பிடிக்கப் போனாள். "நானே செய்யணும்" என்றார்.

மகள் பெட்டியோடு வந்ததும் அறைக்குக் கூட்டிப்போனார்.

"நான் ஒரு மாதிரி பார்த்தேன்னா உள்ள வந்து இதைப் போட்டுடு. நான் கூப்பிடுவேன், திறக்காத. கெஞ்சினாலும் திறக்காத. அம்மா வந்து சொன்னப்புறம்தான் திறக்கணும்."

"சரிப்பா."

"ராத்திரி எப்பவும் போட்டுக்கோ. இப்ப ஒரு தடவை போடு, பார்க்கலாம்."

அவர் வெளியே வந்து நின்றார். உள்ளே இரும்பு நகர்ந்து விழுந்தது. நல்ல தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினார். இன்னும் பலமாக, நெற்றி நரம்பு புடைக்கத் தள்ளினார். கதவு அசையவில்லை.

"பிடிக்குது" என்றார் மனைவியிடம்.

அவள் அவரைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தாள்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மாத்திரை மாற்றியதில் வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இரவில் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் தூங்கவில்லை என்று மனைவிக்குத் தெரியும். மகள் படித்து முடித்து விளக்கணைக்க எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். மேலே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவார்.