நிதான அண்ணியின் ரகசிய வாசிப்பு

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் நின்றது. நிதான அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சமையல்மேடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே ஒரு இடுக்கு. முழங்காலை மடக்கினால் ஒரு ஆள் உட்காரலாம். அங்கேதான் அவள் இருந்தாள், மடியில் ஒரு தடித்த நாவலோடு. நாவலில் நீதிபதி செத்துக் கிடந்தார். வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேருமே பொய் சொன்னார்கள்.

"அண்ணி, கதவைத் திறக்கவா?" கொழுந்தனின் குரல்.

"வேண்டாம்! கேமரா ஓடுது. காத்து பட்டா ஆவி கலைஞ்சிடும். அப்புறம் காட்சி கெட்டுப் போச்சுன்னு என்கிட்ட வந்து நிக்காத."

அது அவளே கட்டிவிட்ட சட்டம்.

அவர்களுடைய யூடியூப் சேனலில் அவள் சமைப்பாள். கொழுந்தன் படம் பிடிப்பான், வெட்டுவான், ஒட்டுவான். எதையும் மெதுவாகச் சமைப்பவள் என்று ரசிகர்கள் வைத்த பெயர்தான் நிதான அண்ணி. நிஜத்தில் அவளுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. பானை மணிக்கணக்கில் கொதிப்பதைக் கேமரா தனியாக நின்று படம் பிடிக்கும். திரையில் அது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அந்த நேரத்தில் யாரும் உள்ளே வர மாட்டார்கள். படிக்கலாம்.

புத்தகத்தின் பருமனைப் பார்த்துத்தான் அவள் பதார்த்தத்தையே முடிவு செய்வாள். ஒல்லி நாவல் என்றால் காய்கறி சூப். தலையணை சைஸ் என்றால் எலும்பு சூப். முதல் அத்தியாயத்தில் பிணம் விழ வேண்டும், கடைசி அத்தியாயத்தில் கைவிலங்கு. காதல் கதை என்றால் தூங்கிவிடுவாள், பானை தீய்ந்துவிடும்.

மற்ற நேரமெல்லாம் அவள் அவளுடையவள் அல்ல. சாப்பிட உட்கார்ந்தால் வாய்க்கு நேரே ஃபோன் நீளும். "அண்ணி, இன்னும் கொஞ்சம் ரசிச்சு மெல்லுங்க." ஒருமுறை தும்மினாள். அதையும் மறுபடி தும்மச் சொன்னான்.

கதவு திறந்தது.

அவன் சட்டத்தை மீறியது இதுவே முதல் தடவை. அவள் புத்தகத்தைப் புடவைக்குள் தள்ளினாள்.

"மறைக்காதீங்க அண்ணி. ஊருக்கே தெரிஞ்சு போச்சு." ஃபோனை நீட்டினான். நேற்று போட்ட வீடியோ. புதுசாக வாங்கிய பளபள பானையின் வயிற்றில், வளைந்து நெளிந்து அவள் உருவம். தரையில் உட்கார்ந்து பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். கீழே கமெண்ட் மழை. அண்ணி என்ன படிக்கிறாங்க?

திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"அண்ணி, நீங்க தங்கச் சுரங்கம்! இன்னைக்கு சாயங்காலமே லைவ். 'அண்ணியின் அலமாரி'. பானை ஒரு பக்கம் கொதிக்கும், நீங்க ஒரு பக்கம் படிக்கிறீங்க."

"அது மட்டும் வேண்டாம்ப்பா. மத்ததெல்லாம் எடுத்துக்கோ. அந்த நேரம் மட்டும் என்னோடது."

"உங்களோடதுதான், யார் பிடுங்கினா? நாங்க சும்மா பாக்கத்தானே போறோம்?"

"உங்க அண்ணன் வரட்டும், சொல்றேன்."

"அண்ணன் லைட்டு வாங்கத்தான் கடைக்குப் போயிருக்கார்."

எல்லாப் பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது.

சாயங்காலம் இடுக்குக்குள் மெத்தை வந்தது. மஞ்சள் விளக்கு வந்தது. பவர் இல்லாத கண்ணாடி ஒன்று மூக்கில் ஏறியது. "படிக்கிற ஆள் மாதிரி இருக்க வேண்டாமா?" என்றான் கொழுந்தன்.

பிடித்த புத்தகங்களைப் பற்றிக் கேட்டான். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். எந்த மாதிரிக் கொலை பிடிக்கும், எந்தத் துப்பறிவாளர் வளவளவென்று பேசுவார், கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பவர்களை ஏன் ஜெயிலில் போட வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவளுக்கே கேமரா மறந்துபோனது.

"சரி, இப்ப படிங்க."

குனிந்தாள். நீதிபதியின் மருமகள் மாடிப்படியில் இறங்கினாள். விளக்குச் சூடு கன்னத்தில் அறைந்தது. மருமகள் மாடிப்படியில் இறங்கினாள். ஆயிரம் கண்கள் பிடரியில் ஊர்ந்தன. மருமகள் மாடிப்படியில்...

கொழுந்தன் விரலைச் சுழற்றினான். பக்கத்தைத் திருப்புங்க!

திருப்பினாள். ஒரு வரிகூடப் படிக்காமல்.

"அண்ணி, ஒருத்தர் இந்தக் கதையைப் படிச்சிருக்காராம்," ஃபோனைப் பார்த்துக்கொண்டே உற்சாகமாக வாசித்தான். "நீதிபதியைக் கொன்னது அவரோட டாக்..."

"படிக்காதேடா!"

சமையலறையே அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் கத்தியதில்லை. கையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஆனால் அந்த அரை வார்த்தை உள்ளே போய்விட்டது. ஐந்து பேரில் டாக்டர் ஒருத்தர்தான்.

கொழுந்தன் திரையைப் பார்த்தான். அவன் கண்கள் விரிந்தன. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குசுகுசுத்தான்.

"அய்யோ அண்ணி, கூட்டம் குவியுது! நாளைக்கும் முடிவைச் சொல்றேன். இதே மாதிரி கத்துங்க."

பானை அடிப்பிடிக்கும் நாற்றம் எழுந்தது. அவள் எழுந்தாள். தீயை அணைக்க வேண்டும், அந்தச் சாக்கில் இந்த வெளிச்சத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும்.

அவன் உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினான். உட்காருங்க.

புகை மெல்ல அவள் பக்கம் வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அண்ணி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.