வெர்னா கேட்ட சிவப்பு

...இதுவும் சிவப்புதான், ஆனால் உள்ளே ஆரஞ்சு ஓடுகிறது, வெர்னாவுக்கு ஆரஞ்சு பிடிக்காது, இது வேண்டாம், அடுத்தது... ஆல்டன் நாற்றுப்பண்ணையில் ஒவ்வொரு மேப்பிள் கன்றின் முன்னும் நின்று நின்று நடந்தார். அக்டோபரில் இலையைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஒரே மரத்து விதையில் முளைத்தவைகூட ஒன்றுபோல் சிவப்பதில்லை, மேப்பிளுக்குப் பேர்போன வெர்மான்ட்டிலேயே வளர்ந்தவருக்கு அது தெரியாதா, தெரிந்தும் ஏன் முப்பத்தெட்டு அக்டோபர் வாங்காமல்... கல்யாணமானதிலிருந்து வருஷா வருஷம் கேட்டாள், வீட்டை ஒட்டி ஒரே ஒரு சிவப்பு மரம். "மலை முழுக்க மரமெல்லாம் சிவப்பாப் பத்திக்கிட்டு எரியுதே, அது பத்தாதா உனக்கு?" என்று சிரிப்பார். அவளும் சிரித்தாளா? போன மாதம் கண் மருத்துவர், அவள் பார்வையின் நடுப்பகுதி மெல்ல மங்கிவிடும், இன்னும் இரண்டு மூன்று வருஷம் என்றார். மலை இப்போதே அவளுக்கு வெறும் கலங்கல். அதன்பிறகு அவள் மரம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை...

"மேப்பிள் ஆளுயரம் தாண்டி நிக்க ஏழெட்டு வருஷம் ஆகும் ஆல்டன்," என்றாள் பண்ணைக்காரி ஜோலீன். "அடுத்த வருஷமே வேணும்னா புளூபெரிப் புதர் எடுத்துக்கோங்க, இலையெல்லாம் ரத்தச் சிவப்பா நிக்கும்." ஏழெட்டு வருஷம்... முப்பத்தெட்டில் எத்தனை ஏழெட்டு? "ரெண்டும் குடு," என்றார். "எங்க வைக்கப் போறீங்க?" "ஜன்னல் பக்கம்." "எந்த ஜன்னல்? நல்ல வெயில் படலேன்னா சிவக்காது, சொல்லிட்டேன்."

எந்த ஜன்னல்... சமையலறையா, அவள் தைக்கிற அறையா? கேட்டதே இல்லையே. வண்டிக்குப் போனார், வெர்னா முன்சீட்டில் ஆப்பிள் டோனட்டைப் பிட்டுக்கொண்டிருந்தாள். "வெர்னா, மரம் வாங்கியாச்சு. எந்த ஜன்னல்கிட்ட வைக்கட்டும்?" அவள் தலையைச் சாய்த்து, கண்ணோரத்தால் அவரைத் தேடிப் பிடித்தாள்.

"அதான் அப்பவே காட்டினேனே ஆல்டன். அடையாளத்துக்குக் குச்சிகூட நட்டு வெச்சேனே."

குச்சி... எந்த வருஷம்? புல் வெட்டும்போது ஏதோ ஒரு குச்சியைப் பிடுங்கி எறிந்தாரே, இயந்திரத்தில் சிக்குகிறது என்று திட்டிக்கொண்டு, அதுவா? பக்கத்தில் என்ன இருந்தது, சுவரா, ஜன்னலா, கையில் குச்சியின் சொரசொரப்பு மட்டும் வருகிறது, இடம் வரவில்லை... "ஆமா, ஆமா, ஞாபகம் இருக்கு," என்றார்.

"அப்ப அங்கயே வெச்சுடு," என்றாள் வெர்னா. அவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.