ஐஸ் பெட்டியில் போன டப்பா

மீன் கிடங்கு மேஸ்திரிக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஐஸ்தான். கெடக்கூடியது எது கையில் கிடைத்தாலும் ஐஸில் புதைத்துவிடுவார். தலைவலி மாத்திரையைக்கூட ஃப்ரிட்ஜில் வைத்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆள்.

அன்று மனைவியின் தம்பிக்குத் துணையாக லேபுக்குப் போயிருந்தார். கல்யாணமாகிச் சில வருஷம் ஓடியும் குழந்தை இல்லை என்று விந்துப் பரிசோதனைக்கு வந்திருந்தான் அவன். நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தவனை, "வெட்கப்பட்டா வேலை ஆகுமா மாப்ள?" என்று பெரிய மனுஷன் கணக்காகத் தேற்றினார்.

லேப் அம்மா மூடி போட்ட டப்பாவை நீட்டினார். "இங்கயே ரூம் இருக்கு. வீட்டுல எடுத்தா சுருக்கா கொண்டாந்துடணும். சட்டைக்குள்ள, உடம்புச் சூட்டுலயே வச்சுக்குங்க. ஃப்ரிட்ஜ், ஐஸ் பக்கமே போகக் கூடாது."

மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐஸ்ல வச்சா என்னம்மா ஆகும்?"

"உயிரணு எல்லாம் விறைச்சு அசையாம கிடக்கும். நல்லா இருக்கிற ஆளுக்கும் குறைன்னு வந்துடும். அதனாலதான் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாம, மறுபடியும் வாங்கன்னு சொல்றோம்."

அடப் பாவி மனுஷா, இதையெல்லாம் உனக்கும் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

பல வருஷத்துக்கு முன்னால், தனக்கும் குழந்தை இல்லை என்று மேஸ்திரியும் இதே சோதனைக்குப் போனவர்தான்; அப்போது அவருக்குத் தலைமுடி கறுப்பு. மனைவியைப் போட்டுப் படுத்தாத சோதனை இல்லை என்று ஆன பிறகு, போனால் போகிறது என்று கிளம்பினார். "நானும் கூட வரட்டுமாங்க?" என்று அவள் கேட்டதற்கு, "இதுக்கெல்லாமா ஊர்வலம் போவாங்க?" என்று எரிந்து விழுந்தார். லேபில் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. தெரிந்தவன் எவனாவது வந்துவிடுவானோ என்று கண் முழுக்க வாசலில். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனவர், திரும்பும்போது அதை மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் பத்திரமாகப் பொதிந்து எடுத்து வந்தார். லேப் வாசலில் வெளியே எடுத்து, ஈரத்தைத் துடைத்து, நல்ல பிள்ளையாகக் கொடுத்தார்.

"ஒண்ணுகூட அசையல. இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றார்கள். மேஸ்திரி அந்தப் படியை மறுபடி மிதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒரு குறையும் இல்லையாம்" என்றார்.

அதோடு பழி மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. ஊசி, மாத்திரை, உறவுக்காரர்களின் குத்தல் பேச்சு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வயதாகி மாதவிலக்கு அடியோடு நின்றுவிட்டது என்று தெரிந்த நாளில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மைத்துனனை விட்டுவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் மேஸ்திரி இதையே யோசித்துக்கொண்டு வந்தார். சொல்லாமலே இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? சொன்னால் இருக்கிற பேச்சுவார்த்தையும் போய்விடலாம். ஆனால் செய்யாத குற்றத்தை இத்தனை காலம் சுமந்தவளிடம் இன்னும் எத்தனை காலத்துக்கு மறைப்பது?

மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தம்பிக்கு என்ன சொன்னாங்க?"

மேஸ்திரி தரையில் உட்கார்ந்தார். ஐஸ் பெட்டியைச் சொன்னார். அன்று வந்த முடிவைச் சொன்னார். அவளிடம் சொன்ன பொய்யையும் சொன்னார். "மன்னிச்சுடும்மா" என்றார்.

அவள் கத்தவில்லை. கையிலிருந்த அவருடைய சட்டையை மடிமேல் விரித்து நீவினாள்.

"உடம்புச் சூட்டுல கொண்டு போகணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து உக்காந்து எல்லாத்தையும் கேட்டு வச்சிருந்தேன். அதுக்குத்தான் கூட வரட்டுமான்னு கேட்டேன்."

சட்டையை மடித்து அவர் துணிகளின் மேல் வைத்தாள். தன் துணிகளை மட்டும் அள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.